உரிமையாளர் தன் கையாலேயே புதுப்பித்தது

உங்கள் மேசைக்கு யாரோ அவசரக் கையால் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் முழங்கையை ஊன்றினால் ஒட்டுகிறது, தாளை எடுத்தால் பிய்த்துக்கொண்டு வருகிறது. குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருடமாக இதே பிழைப்பு. எங்கே போனாலும் கண் முதலில் மரத்தின் மேல்தான் விழுகிறது.

பேனாவைக் கையில் கொடுத்து, "நிதானமா எழுதுங்கம்மா, நடந்தது மட்டும் போதும்" என்றீர்கள். நிதானம் எனக்குக் கைவந்தது. நடந்ததை மட்டும் எழுதுவதில்தான் சிரமம். எங்கே தொடங்கியது என்று கேட்டால் ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும். போகத்தான் போகிறேன். படிக்கப் பொறுமை இல்லையென்றால் கடைசித் தாளைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். என்னை யாரும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்து வரவில்லை. சந்தேகப்பட்டு யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டவும் இல்லை. முந்தாநாள் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு நானே நடந்து வந்தேன். மூன்றாம் பக்கத்தில் என் தம்பியின் படம். அதன் மேல், "தன் கையால் உயிர் கொடுத்த படகோடு கருகிய மனிதர்" என்று கொட்டை எழுத்து. கீழே பதினோரு வரி. படகின் நீளம் தப்பு, மரம் தப்பு, வருடம் தப்பு. மற்றதெல்லாம் அதைவிடத் தப்பு. அதைத் திருத்த வேண்டும் என்றுதான் வந்தேன். வேறு எந்த உறுத்தலும் என்னை இங்கே தள்ளிக்கொண்டு வரவில்லை.

படகுப் பட்டறையில் என்னைப் பாலிஷ் அக்கா என்பார்கள். படகுகளின் மரவேலை முடிந்த பிறகு எண்ணெய் ஊட்டுவது, உப்புத்தாள் போடுவது, வார்னிஷ் ஏற்றுவது என் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். எனக்கு ஒரே தம்பி, ஏழு வயது இளையவன். ஐந்தாம் வகுப்பில் அவன் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கொண்டுபோன மரப்பாலம் நான் செய்தது. பரிசை அவன் வாங்கினான். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பையை என் கையில் கொடுத்து, "நீயே வச்சிக்கோக்கா" என்றான். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவன் பிறவியிலேயே மோசமானவன் என்று நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் ஏதோ ஒரு விருந்தில் பழைய படகுகளைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசி, பேச்சு வளர்ந்து, கடைசியில் முகத்துவாரச் சேற்றில் பாதி புதைந்து கிடந்த ஒரு பாய்மரப் படகை வாங்கிவிட்டுத்தான் எழுந்தான். கட்டி எண்பது வருடம் ஆன படகு. நாற்பத்திரண்டு அடி. லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து, "அக்கா, உன் கொட்டகையில ஒரு ஓரமா கெடக்கட்டும்" என்றான். என் கொட்டகையே ஐம்பது அடிதான். ஓரத்தில் நான் இருக்க வேண்டியதாயிற்று.

வந்தபோது அதன் நிலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடிப்பலகையில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். விலாக்கட்டைகளில் முப்பத்தொன்று மக்கிப்போயிருந்தன. பட்டறையில் அப்போது ஒரு கிழட்டுத் தச்சர் இருந்தார். வாய் துடுக்கு, கை சுத்தம். அவரும் நானும் இரண்டு வருடத்தில் விலாக்கட்டைகளை மாற்றினோம். மரத்தை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து, செம்பு ஆணியால் தைக்க வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் கட்டை முறியும். அதன் பிறகு தச்சர் மகள் வீட்டோடு போய்விட்டார். மீதி ஏழு வருடமும் நான் ஒருத்திதான்.

தொண்ணூற்றாறு பலகைகள். ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிக் கேட்டு, நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மாற்றினேன். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடித்து அடைத்தேன். மேல்தளத்துக்குத் தேக்கு. உள்ளறைச் சுவர்களுக்கு எண்ணெய் மட்டும், வெளிமரத்துக்குப் பதினான்கு பூச்சு வார்னிஷ். வார்னிஷ் அடிக்கும் நாளில் தரையில் தண்ணீர் தெளித்துவிடுவேன், தூசி எழும்பாது. தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொள்வேன். கொட்டகைக்குள் ஒருவரையும் விட மாட்டேன். பதினான்காவது பூச்சு காய்ந்த அன்று குனிந்து பார்த்தபோது என் பல்லின் இடுக்குகூட அதில் தெரிந்தது. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். என் ஆயுளில் வேறு எந்த நாளைப் பற்றியும் இவ்வளவு உறுதியாக அப்படிச் சொல்ல முடியாது.

தம்பி இந்த ஒன்பது வருடத்தில் இருபத்தாறு தடவை வந்தான். எண்ணி வைத்திருக்கிறேன். மரமும் எண்ணெயும் வாங்கிக் கொடுத்தது அவன்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்லை. சினேகிதர்களைக் கூட்டி வருவான். படகின் வயிற்றில் தட்டி, "எப்படி நம்ம ராணி?" என்பான். அவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் தேநீர் போடுவேன். அவனுக்கு உடம்பு வணங்காது என்பது ஊரறிந்த விஷயம், அதனால் எனக்கு அது உறைக்கவில்லை.

இனி உறைத்ததைச் சொல்கிறேன்.

போன வருடக் கடைசியில் தம்பி மனைவி வீடு மாற்றப்போவதாகவும், படகை விற்றுவிடலாம் என்று சொல்வதாகவும் அவன் வந்து சொன்னான். விற்பது அவன் உரிமை. படகு என்றால் தண்ணீரில் இறங்க வேண்டும், என் கொட்டகையில் பொம்மை மாதிரி நின்றுகொண்டிருக்க முடியுமா. மறுவாரம் ஒரு தரகர் கேமராவோடு வந்தார். நான் அப்போது வாசல்படிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடுங்க, படத்துல விழறீங்க" என்றார். போய்விட்டேன்.

விளம்பரத்தைப் பட்டறை மேலாளர்தான் தன் அறையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படித்துக் காட்டினார். "விற்பனைக்கு: முழுமையாக மீட்டெடுக்கப்பட்ட அரிய மரப் பாய்மரப் படகு. உரிமையாளர் ஒன்பது ஆண்டுகள் தன் கையாலேயே புதுப்பித்தது." படித்துவிட்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாலிஷ் அக்கா, உங்க தம்பி எப்போ இதெல்லாம் பண்ணாரு? தூக்கத்துலயா?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே வந்து, உப்புத்தாள் பெட்டியின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்கு போன் செய்தேன்.

"அக்கா, அது விளம்பரம். அப்படித்தான் எழுதுவாங்க" என்றான். "பழைய படகுன்னா ஒரு கதை வேணும்க்கா. ஓனரே செஞ்சதுன்னா வாங்கறவன் மனசு எளகும்."

"அந்தக் கதையில நான் எங்கடா இருக்கேன்?"

"ஐயோ, நீ இல்லாமயா. வீட்டுல எல்லாருக்கும் தெரியாதா என்ன?"

வீட்டில் எல்லாருக்கும் என்றால் அவன், அவன் மனைவி, நான். எனக்குத் தெரிந்ததை எனக்கே தெரியும் என்று சொல்லிச் சமாதானப்படுத்துகிறான். போனை வைத்துவிட்டேன்.

படகைப் பார்க்க ஒரு பல் டாக்டர் வந்தார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு மேல்தளத்தில் ஏறினார். ஏணியடியில் நின்ற என்னைப் பார்த்து, "இதக் கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா" என்று செருப்பை என் பக்கம் நகர்த்தினார். உள்ளே போனார், வெளியே வந்தார், மரத்தைத் தடவினார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சார், இந்தக் கை சாதாரணக் கை இல்ல" என்றார். தம்பி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்ற கை. வாய் கூசாமல், "ஏதோ ஆர்வம் சார்" என்றான்.

பிறகு டாக்டர் என்னைக் காட்டி, "இவங்க?" என்று கேட்டார்.

"இங்க வேலை பாக்கறவங்க" என்றான் தம்பி.

அந்தப் பாலத்தைச் செய்த வயதிலிருந்து இத்தனை வருடத்தில் அவனுக்காக நான் செய்ததை எல்லாம் ஒரு தட்டில் வைத்து நிறுத்தப்போவதில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் இதை எழுதிக்கொள்ளுங்கள்: அந்த மூன்று வார்த்தையும் என் காதில் விழுந்த நேரத்தில் நான் டாக்டரின் செருப்பைக் கையில் வைத்திருந்தேன். ஏணியடியில் ஈரமாக இருந்ததால் தூக்கி வைத்திருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. கோபம் அப்போது வரவில்லை.

அவர் போன பிறகு தம்பியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். படகைக் கைமாற்றும் நாளில் டாக்டரிடம், "இதெல்லாம் எங்க அக்கா செஞ்சது" என்று ஒரு தடவை சொல்லிவிடு. விளம்பரத்தில் வேண்டாம், ஊரில் யாருக்கும் வேண்டாம். அந்த ஒருவரிடம் மட்டும். "கண்டிப்பா சொல்றேன்க்கா, இதக் கேக்கணுமா?" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னான். தலையில் வைத்தான். மறுக்க அவனே இல்லை என்பதால் நான் சொல்வதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

இங்கே என் தொழிலில் ஒரு விஷயத்தை உங்களுக்கு விளக்க வேண்டும். மரத்துக்கு ஊட்டும் ஆளி விதை எண்ணெய் காய்வதில்லை. காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. இறுகும்போது சூடு பிறக்கும். பலகையில் மெல்லியதாக இருப்பதால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். ஆனால் எண்ணெய் துடைத்த பழந்துணியைக் கசக்கிச் சுருட்டிப் போட்டால் சூடு உள்ளேயே அடைபடும். இரண்டு மணி, மூன்று மணி நேரத்தில் அது தானாகப் பற்றும். நெருப்புக் குச்சி வேண்டாம், பொறி வேண்டாம். அதனால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு துணியையும் விரித்துக் கொடியில் போட வேண்டும், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்க வேண்டும். மர வேலைக்கு வரும் எவருக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் தவறியதில்லை. காய்ச்சல் வந்த அன்றுகூட வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து துணியை விரித்திருக்கிறேன்.

கைமாற்றும் நாள் வந்தது. டாக்டர் மாலை நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. தம்பி காலை பத்து மணிக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டான். என்னைப் பார்க்க இவ்வளவு சீக்கிரம் அவன் வந்ததே இல்லை. எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி கேட்க ஆரம்பித்தான்.

"வார்னிஷ் எத்தனை கோட்டு?"

"பதினாலு."

"விலாக்கட்டை மாத்தினது எத்தனை?"

"முப்பத்தொண்ணு."

"வளைக்கறதுக்கு என்ன பண்ணினோம்?"

பண்ணினோம் என்றான். நான் சொன்னேன், அவன் எழுதிக்கொண்டான். டாக்டர் ஒரு புகைப்படக்காரரையும் கூட்டி வருகிறாராம். படகைப் புதுப்பித்தவரை வேலை உடையிலேயே படகோடு நிறுத்திப் படம் எடுத்து வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. தம்பியிடம் வேலை உடை ஏது. ஆணியில் தொங்கிய என் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒன்பது வருட வார்னிஷும் எண்ணெயும் படிந்த அங்கி. தோளில் பிடித்தது. "பரவால்லக்கா, படத்துல தெரியாது" என்றான்.

"டாக்டர்கிட்ட சொல்லுவியா?" என்று கேட்டேன்.

கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். "இன்னிக்கு எப்படிக்கா சொல்றது? இவ்வளவு நாள் பொய் சொன்னான்னு ஆயிடாதா? தண்ணியில எறங்கட்டும். ஒரு நாள் மெதுவா சொல்லிக்கலாம்."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியது. அடங்கியபோது மனசு துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. அவன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையில கறையே இல்லையேக்கா, ஏதாவது பூசிக்கலாமா?" என்றான். கறை வேண்டுமென்றால் வேலை செய்தால் போதும் என்றேன். உள்ளறைச் சுவருக்குக் கடைசியாக ஒரு கை எண்ணெய் பாக்கி இருந்தது. டப்பாவையும் ஒரு கூடைப் பழந்துணியையும் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே இறங்கினான்.

நாற்பது நிமிடம் தேய்த்தான். மரத்தின் ரேகையோடு தேய்க்காமல் ஜன்னல் துடைப்பது போல வட்டம் வட்டமாகத் தேய்த்தான். ஒரு இடத்துக்கு ஒரு துணி, அடுத்த இடத்துக்கு வேறு துணி. முடித்தபோது பத்துப் பன்னிரண்டு துணி எண்ணெயில் சொதசொதவென்று இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிப் படியடி மூலையில், மரத்தூள் சாக்கின் மேல் போட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒன்பது வருடம் ஒரு மரப்படகில் தன் கையால் வேலை செய்த மனிதனுக்கு எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது என்று நான் சொல்லித் தர வேண்டுமா. விளம்பரத்தில் அச்சடித்துப் போட்டிருந்தது. பல் டாக்டர் நம்பினார். தரகர் நம்பினார். நானும் நம்பினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் படகுக்குள்ளேயே பிரித்துச் சாப்பிட்டான். ஒன்றரை மணிக்கு முன்பக்கக் கட்டிலில் காலை நீட்டினான். "மூணரைக்கு எழுப்பிடுக்கா" என்றான். சரி என்றேன். நான் ஏணியில் இறங்கி வெளியே வந்தேன்.

இவ்வளவு எழுதியதும் நீங்கள் கையை நீட்டினீர்கள், தாள்களைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தீர்கள். படித்து முடித்து நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தீர்கள். உங்கள் முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"இது விபத்துதாம்மா" என்றீர்கள். "தீயணைப்புக்காரங்களும் துணிதான் பத்திக்கிச்சுன்னு சொல்றாங்க. அவரே எண்ணெய் வேலை செஞ்சிட்டிருந்தாரு, கவனக் குறைவா துணியப் போட்டுட்டாரு. உங்களுக்கு அந்த நேரத்துல தோணல. மறந்துட்டேன்னு ஒரு வரி சேத்துடுங்க. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. ஒரே தம்பியப் பறிகொடுத்துட்டு நிக்கறீங்க, உங்கள ஏன் நாங்க அலைக்கழிக்கணும்."

நல்ல மனசோடு சொன்னீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்னபடி எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். உரிமையாளர் தன் படகில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஏற்பட்ட விபத்து. செய்தித்தாள் எழுதிய அதே கதைக்கு நீங்கள் முத்திரை குத்திக் கொடுக்கிறீர்கள். நாளைக்கு அந்த டாக்டர் பட்டறை வாசலில் அவன் பெயரில் ஒரு கல் வைத்தாலும் வைப்பார். ஒன்பது வருடம் உழைத்தவன், உழைக்கும்போதே செத்தான் என்று. அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமா. மாட்டேன். இன்னொரு தாள் கேட்டேன், கொடுத்தீர்கள். மீதியை எழுதுகிறேன்.

எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

வெளியே வந்தவள் படகின் வாசல் மூடியை இழுத்துச் சாத்தினேன். வெளிப்பக்கத்தில் ஒரு பித்தளை முளை உண்டு, செருகிவிட்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது, அதைத் துளையில் செருகினேன். எண்ணெய் ஈரத்தில் தூசி விழாமல் இருக்க மூடுவது வழக்கம்தான். முளை செருகுவது வழக்கமில்லை. பிறகு கொட்டகைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, வெளியே குழாயடியில் பிரஷ்களைக் கழுவ உட்கார்ந்தேன். மொத்தம் ஏழு பிரஷ்.

இரண்டே முக்காலுக்கு வாசனை வந்தது. அடுப்பில் மறந்துவிட்ட எண்ணெய்ச் சட்டி வாசனை, கொஞ்சம் புளிப்பாக. புகை கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே அது வரும். பட்டறையில் வேறு யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது, அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது வேறு. அப்போது நான் மூன்றாவது பிரஷ்ஷில் இருந்தேன். எழுந்து போக எனக்குப் பத்து எட்டு தூரம். துணியைத் தூக்கி வெளியே எறிய ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் நான்காவது பிரஷ்ஷை எடுத்தேன்.

ஐந்தாவதில் இருக்கும்போது மூடியைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் இரண்டு தட்டு. பிறகு நிறைய. அவன் கூப்பிட்டான். தெளிவாகத்தான் கேட்டது. "அக்கா" என்றான். டாக்டர் எதிரில் வராத வார்த்தை, யாரும் இல்லாத இடத்தில் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலைந்து தடவை கூப்பிட்டான். இருமினான். பிறகு கூப்பிடவில்லை. பிரஷ்ஷைப் பாதியில் விட்டால் மயிர் விறைத்துப் பாழாகிவிடும். ஏழையும் கழுவி, உதறி, தலைகீழாகத் தொங்கவிட்டுத்தான் எழுந்து போய்க் கத்தினேன். அதற்குள் வார்னிஷ் பற்றிக்கொண்டிருந்தது. பதினான்கு பூச்சு, வெகு சுத்தமாக எரிந்தது.

டாக்டர் சொன்னபடி நான்கு மணிக்குப் புகைப்படக்காரரோடு வந்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்காக வருத்தப்பட்டேன். படகுக்காக இரண்டு நாள் அழுதேன், சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி என்னிடம் கண்ணீர் எதிர்பார்க்காதீர்கள். என்ன தண்டனை கொடுப்பீர்களோ கொடுங்கள். ஆனால் குற்றப்பத்திரிகையில் என்னைப் பற்றி எழுதும் இடத்தில், இன்ன படகைப் புதுப்பித்தவர் என்று எழுதுங்கள். அது சட்டப்படி தேவையில்லாத விவரம் என்று யாராவது அடிக்க வந்தால் விடாதீர்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திருத்தம். மேலே, எண்ணெய்த் துணியை அவன் தானாக மூலையில் சுருட்டிப் போட்டது போல எழுதியிருக்கிறேன். நீங்களும் அதை அவன் கவனக் குறைவு என்று சொல்கிறீர்கள். ஏதோ அவன் ஒரு வேலை செய்தது போலவும், அதில் ஒரு தப்புச் செய்தது போலவும் ஆகிறது. அது உண்மை இல்லை. அந்தத் துணிகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியடியில் நின்று, "இத என்னக்கா பண்றது? விரிச்சுப் போடணுமா?" என்று அவன் கேட்டான். எப்போதோ நான் விரித்துப் போடுவதைப் பார்த்திருக்கிறான் போல.

"வேண்டாம், நல்லா இறுக்கிச் சுருட்டி அந்தச் சாக்கு மேல போடு" என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னபடியே போட்டான். அந்தப் படகில் அவன் தானாகச் செய்த வேலை என்று அதுகூடக் கிடையாது.